பேட்டரி விஷயமாக உன் அப்பா சொன்ன பொய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய இடது கால் முக்கால்வாசி சுகம், பேட்டரி பூரண சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லாயிருக்கேம்மா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதனால் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல், குளிருக்கு மேலே ஒன்று போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன். இல்லையென்றால் இனிமேலாவது அப்படி இரு.

வாரம் இரண்டு தடவை ஃபோனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நெற்றியைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இந்த வீட்டில் உன்னோடு தனியாகப் பேச எனக்கு என்றைக்குக் கொடுத்துவைத்தது? முன்பெல்லாம் மணி அடித்தால் உன் அப்பா குளித்துக்கொண்டிருந்தாலும் சோப்பு நுரையோடு வந்து நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்வார். நீ அவரைத் திட்டிய நாளிலிருந்து, இந்த மூன்று வாரமாக, மணி அடித்ததும் பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஆனால் காது மட்டும் இங்கேயேதான் இருக்கிறது. நான் ஃபோனை வைத்ததும், "என்ன, குரல் கம்மியிருக்கு, சளியா?" என்று கேட்கிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத் தபாலை விட்டால் வேறு வழி தெரியவில்லை. இப்போது அவர் பல் மருத்துவர் வீட்டுக்குத் தண்ணீர் ஃபில்டர் மாற்றப் போயிருக்கிறார். ஸ்கூட்டரில்தான் போயிருக்கிறார். கோபப்படாதே, முழுக்கப் படி. காகிதம் என்ன இப்படி வழவழவென்று இருக்கிறது என்று யோசிக்காதே, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய விற்பனைப் படிவங்கள் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. ஆறு தாள், ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் கையெழுத்து என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறாய், உன்னை ஆபீசில் ஏன் மதிக்கிறார்கள் என்று புரிந்தது. வண்டி உன் சம்பாத்தியத்தில் வாங்கியது, உன் பெயரில் இருக்கிறது, விற்க உனக்கு உரிமை உண்டு. தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் இங்கே தீப்பிடிக்கும், அங்கே வழுக்கும் என்று பாதுகாப்புப் பார்த்துச் சொல்வது உன் வேலை. அப்படிப்பட்டவள் பெற்றவர்கள் வீட்டிலேயே புகை வந்தது என்று கேட்டால் துடித்துத்தான் போவாய். ஆனால் உன் அப்பா கால் உடைந்து வீட்டில் கிடந்த எட்டு மாதத்தை நீ ஃபோனில் கேட்டாய், நான் கூடவே இருந்து பார்த்தேன். யாரோ ஒருவர் சமையலறையில் ஃபில்டரைக் கழற்றி, தானே சிந்திய தண்ணீரில் தானே வழுக்கி விழுந்த மனிதர், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எங்கள் அழைப்பு மணியை நான்கு தடவை பழுது பார்த்தார். அதற்கப்புறம் வருகிறவர்கள் கதவைத் தட்டித்தான் கூப்பிடுகிறார்கள். என் தையல் மிஷினைக் கழற்றிச் சுத்தம் செய்தார், இரண்டு வாரம் அது பின்பக்கமாகத் தைத்தது. அப்புறம் ஒருநாள் பழுது பார்ப்பதையே நிறுத்திவிட்டார். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் எல்லாவற்றையும் கெடுத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எதையும் தொடாமல் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. நீ ஸ்கூட்டரை அனுப்பிய பிறகுதான் அந்த நாற்காலி காலியானது. பஸ் படி ஏற முடியாத கால், வண்டியில் தூக்கி வைத்தால் போதும். கருவிப் பையை முன்னால் வைத்துக்கொண்டு, தெருவில் ஆளே இல்லாவிட்டாலும் ஹாரன் அடித்துக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வண்டியோடு கூட நீ கைப்பட எழுதி ஒரு அட்டை அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? வண்டி ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதே, அரைமணி ஆறவிடு, வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகாதே, சுவரில் இருக்கிற பிளக்கில் நேராகப் போடு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, வெறும் தரையில் வை, துணியும் காகிதமும் பக்கத்தில் வேண்டாம், வாசல் வழியில் வைக்காதே, ஆள் விழித்திருந்து பார்க்கும்போது மட்டும் போடு, நிரம்பியதும் கழற்று என்று வரிசையாக எழுதியிருந்தாய். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். உன் அப்பா பரீட்சைக்குப் படிப்பதுபோல் அதை மனப்பாடம் செய்தார். அரைமணி என்று நீ சொன்னால் அவர் முப்பத்தைந்து நிமிஷம் காத்திருப்பார். நான் போட்டுக் கொடுத்த டீயை ஆறவிட்டுவிட்டு, பேட்டரி ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். சமையலறைக்குப் பக்கத்தில் மொசைக் தரையைத் துடைத்து, அங்கே இருந்த செருப்பு ஸ்டாண்டைக் கூட நகர்த்திவிட்டு, ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இந்தக் கதையில் ஒழுங்காக நடந்துகொண்ட ஆள் யார் என்று கேட்டால், சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, உன் அப்பாதான்.

ஒரே கஷ்டம் மாடிப்படி. வண்டி கீழே, பிளக் இரண்டாம் மாடியில். பேட்டரி பதினோரு கிலோ, படி முப்பத்தாறு. அவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது தையல் அறையில் எனக்குக் கேட்கும், ஒரு அடி, ஒரு இழுப்பு, ஒரு அடி, ஒரு இழுப்பு. திருப்பத்தில் கைப்பிடிக் கம்பியில் பேட்டரி இடிக்கும், "அடடா, பட்டுடுச்சா" என்று பேட்டரியைத்தான் விசாரிப்பார், காலை விசாரிக்க மாட்டார். அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், தைத்தேன். சோபாவுக்குத் தைத்து மிஞ்சிய கனமான நீலத் துணி, உள்ளே இரண்டு அடுக்கு பாலியஸ்டர் பஞ்சு, கட்டம் கட்டமாகத் தையல், ஓரம் முழுக்கச் சிவப்புப் பைப்பிங், கை இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தோதாகத் தோளில் மாட்ட அகலமான பட்டை. இதோடு நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரி. சார்ஜர் தனியாக ஏன் கையில் தொங்க வேண்டும் என்று அதற்குப் பக்கவாட்டில் ஒரு பை வைத்தேன், அதுவும் அடிபடக் கூடாதே என்று அதற்கும் பஞ்சு வைத்தேன். உறையைக் கழற்றாமலேயே ஒயரைச் செருக ஒரு துளை வைத்து, சட்டைக்குப் பட்டன் துளை தைப்பதுபோல் கையாலேயே காஜா எடுத்தேன். அந்தக் காஜாவை நீ பார்த்திருக்க வேண்டும்.

துணி வெட்ட அளவுக் காகிதம் வேண்டுமல்லவா, நல்ல தடிமனான அட்டையாக வீட்டில் இருந்தது உன் அட்டை ஒன்றுதான். உன் அப்பாவுக்குத்தான் மனப்பாடம் ஆகிவிட்டதே என்று ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெட்டிவிட்டேன். சார்ஜர் பைக்கு வெட்டிய துண்டில், சார்ஜரைச் சுற்றி எப்போதும் காற்று என்பது வரை உன் எழுத்து இருந்தது. மிச்ச வரி குப்பைக்கூடைக்குப் போயிற்று. காற்று என்ன ஆக வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை, பை எத்தனை அங்குலம் என்றுதான் யோசித்தேன். உன் அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார்ஜ் போடும்போது இதைக் கழட்டிடணும்" என்றார். "அப்போ நான் துளை எதுக்கு வச்சிருக்கேன்?" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் இல்லாத நேரம் பார்த்துக் கழற்றிவிட்டு, சார்ஜ் ஆனதும் பழையபடி மாட்டி வைத்துக்கொண்டிருந்தாராம், எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அன்றைக்கு மதியம் அவர் பேட்டரியை மேலே வைத்துவிட்டு வண்டியைக் கழுவக் கீழே போயிருந்தார். பாவம், வந்து ஸ்டூலில் உட்கார வேண்டாமே, நாமே போட்டுவைப்போம் என்று எனக்கு ஒரு கரிசனம் வந்தது. உறையோடு அப்படியே தையல் அறைக்கு எடுத்துப் போய், வெட்டும் மேஜைக்கு அடியில், துணித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டி செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன். உன் அட்டையில் எத்தனை வரி இருந்ததோ அத்தனையையும் ஒரே நிமிஷத்தில் மீறியாயிற்று. பல் மருத்துவர் வீட்டுத் திரைச்சீலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், ஏதோ கருகுகிற நாற்றம். இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன், நாற்றம் போகவில்லை. அடியைத் துடைத்தேன், முகர்ந்து பார்த்தேன், உனக்கு வயசாயிடுச்சு என்று அதைத் திட்டினேன். திரைச்சீலையை முகர்ந்தேன். ஜன்னலைத் திறந்து, கீழ்வீட்டில் அடுப்பைக் கவனிக்க ஆளில்லை போலிருக்கிறது என்று அவர்கள் காதில் விழும்படியாகவே சொன்னேன். அப்புறம்தான் மேஜைக்கு அடியிலிருந்து புகை வந்து என் காலைச் சுற்றியது.

நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா முப்பத்தாறு படியையும் எப்படி ஏறி வந்தார் என்று அவருக்கே தெரியாது. மெயின் ஸ்விட்சை அணைத்தார், தையல் அறைக் கதவைச் சாத்தினார், என் கையைப் பிடித்து இழுத்தார். நான் திரைச்சீலை, திரைச்சீலை என்று திரும்ப ஓடப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர், "திரை போனா போகட்டும், நீ வா" என்று கத்தினார். பக்கத்துக் கதவுகளையெல்லாம் தட்டிக்கொண்டே என்னைக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் தீயணைப்புக்கு ஃபோன் செய்தார். எனக்கு அவர் சொன்ன பிரியமான வார்த்தைகளைப் பட்டியல் போட்டால் அந்தக் கத்தல்தான் முதலில் வரும்.

தீயணைப்பு வண்டி வந்தது. குடியிருப்பு முழுவதும் முற்றத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. கடவுள் புண்ணியத்தில் எதுவும் பற்றி எரியவில்லை. பையில் அடைபட்ட சார்ஜர் மூச்சுவிட முடியாமல் சூடேறி உருகியிருந்தது, சுற்றியிருந்த பஞ்சு பொசுங்கிச் சுருண்டிருந்தது, பேட்டரியும் நன்றாகச் சூடாகி இருந்தது. அதை மணல் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்து முற்றத்தின் நடுவில் வைத்து இரண்டு மணி நேரம் காவல் இருந்தார்கள். கடைசியில் அந்த அதிகாரி, ஒரு பெண், நீளமான இடுக்கியின் நுனியில் என் உறையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். சிவப்புப் பைப்பிங் காற்றில் ஆடியது. "யார் தைச்சது இது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முன்னால் போய், "நான்தான் மேடம்" என்றார். சட்டைக்குப் பட்டன் வைக்கச் சொன்னால் தான் கட்டியிருக்கிற லுங்கியையும் சேர்த்துத் தைத்துக்கொள்கிற மனிதர். அந்த அம்மாள் காஜாவைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார். "நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. இனிமே தைக்காதீங்க" என்றார். முதல் பாதிக்கு எனக்குப் பெருமையாகவும் இரண்டாம் பாதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன்னைத் திட்டினா நீ மூணு நாள் சாப்பிட மாட்டே. என்னைத் திட்டினா நான் வழக்கத்தை விட ரெண்டு கரண்டி கூடச் சாப்பிடுவேன்" என்றார். அன்று சாயங்காலம் நீ ஃபோன் செய்தாய். ஸ்பீக்கரில் போட்டு, ஏதோ துணியைச் சுத்திவிட்டேன் என்று உன்னிடமும் அதையே சொன்னார். நீ திட்டினாய். எழுதி அனுப்பியதைப் படித்தீர்களா இல்லையா, உங்களுக்கு விளையாட்டா, அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று கால்மணி நேரம் விடாமல் திட்டினாய். அவர் "சரிம்மா, சரிம்மா" என்று நின்றார். வண்டியை விற்றுவிடுகிறேன் என்றாய், "உன் இஷ்டம்மா" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டினார், மூடிக்கொண்டேன். அவர் கையைக் காட்டியதால் மூடிக்கொண்டேன் என்று எழுதினால் அது இரண்டாவது பொய். உன்னை நினைத்துப் பயந்துதான் மூடிக்கொண்டேன். அன்று அவர் சொன்னபடி இரண்டு கரண்டி கூடச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஜன்னலோரம் நாற்காலி மறுபடி வந்திருந்தது. மகளே, உறை நான் தைத்தது, அட்டையை நான் வெட்டினேன், பிளக்கை நான் செருகினேன். உன் அப்பா செய்த ஒரே தப்பு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

பேட்டரியைப் பார்க்கிற சர்வீஸ் கடைக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர்களே வந்து எடுத்துப் போனார்கள். அங்கே ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், உன் வாயும்தான். நான்கு நாள் வைத்திருந்து சோதித்துவிட்டு, சூடு ஏறியதும் பேட்டரி தானாகவே நின்றுவிட்டது, உள்ளே எதுவும் கெடவில்லை, உப்பவும் இல்லை, ஓட்டலாம் என்றது. சார்ஜர் போனது போனதுதான். உன் அப்பாவின் சிநேகிதர், ஃபோன் கடைக்காரர், இந்தப் பிளக்குக்குச் சரியாக உட்காரும் என்று எதையோ தூக்கிக் கொடுத்திருந்தார். அதை அந்தப் பெண்ணிடம் காட்டியதும், "செருகினா உள்ளே போகுதுங்கிறதுக்காக எதை வேணா செருகுவீங்களா சார்?" என்று கேட்டு, வண்டிக் கம்பெனியின் சார்ஜரையே எடுத்துக் கொடுத்தது. பேட்டரியை அங்கேயே நிரப்பியும் கொடுத்தது. நாலு வீடு ஃபில்டர் பார்த்ததில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இன்று காலையில் முப்பத்தொரு சதவீதம் என்று காட்டியது. அந்தக் கடைக்கு மறுபடி போய் நிரப்பலாம் என்றால், போய் வருவதற்குள்ளேயே நிரப்பியதில் பாதி தீர்ந்துவிடும். வீட்டில் போடக் கூடாது. அதற்கு நம் குடியிருப்புச் செயலாளர் தடை போட்டுவிட்டார்.

அவரை உனக்கு ஞாபகம் இருக்கும், எதற்கெடுத்தாலும் சுவரில் தாள் ஒட்டுவதால் நீதான் சின்ன வயதில் நோட்டீஸ் மாமா என்று பேர் வைத்தாய், இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இக்கட்டடத்தின் எந்த வீட்டிலும் எந்தப் பேட்டரியும் சார்ஜ் செய்யப்படக் கூடாது என்று மாடிக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினார். முதல் மாடியில் இருக்கிற காது கேட்காத பெரியவர், காதுக்கருவியின் பேட்டரியை என்ன செய்வது என்று கேட்டார், அதற்கு அடுத்த நாள் ஒரு திருத்த நோட்டீஸ் வந்தது. கூட்டம் போட்டார்கள். கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறதே, செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, ஒரு பக்கம் திறந்தவெளி, மாடிப்படிக்கு வெகு தூரம், அங்கே தனியாக ஒரு பிளக் வைத்துக் கொடுக்கலாமே, பேட்டரியை மேலே தூக்கவே வேண்டாமே என்று நான்தான் கேட்டேன். இடம் சரி என்றார் நோட்டீஸ் மாமா. ஆனால், "பஞ்சு மெத்தையில சுத்தி சார்ஜ் போடுற ஆளை நம்பி எப்படி பிளக் குடுக்கிறது?" என்றார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் தொழிலில் ஒரு திருகாணியைக் கூடத் தொலைத்ததில்லை என்று சொல்லிக்கொள்கிற மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியில், எல்லோருக்கும் நடுவில். எனக்குத் தாங்கவில்லை. பையில் கொண்டுபோயிருந்த உறையை எடுத்து மேஜைமேல் போட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். காது கேட்காத பெரியவர், "என்ன சொல்றாங்க?" என்றார். அவருக்காக மறுபடி முதலிலிருந்து, உரக்கச் சொன்னேன். அன்று ஒரே குற்றத்தை இரண்டு தடவை ஒப்புக்கொண்டேன். நோட்டீஸ் மாமா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "துவைச்சா சாயம் போகுமா?" என்று கேட்டார். அவர் வீட்டு நாய்க்கு ஒன்று வேண்டுமாம். உன் அப்பா மட்டும் என் பக்கம் திரும்பி, "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு, எதுக்கு இப்போ சொன்னே?" என்று முணுமுணுத்தார். வீட்டுக்கு வந்ததும், மகளுக்கு மட்டும் சொல்லிவிடாதே, உன்மேல் அவளுக்கு இருக்கிற மரியாதையாவது மிஞ்சட்டும் என்றார்.

பிளக் கொடுப்பதாக முடிவாயிற்று. எலெக்ட்ரிசியன் வந்து தனி ஒயர், தனி ஸ்விட்ச், மேலே ஒரு புகை அலாரம் எல்லாம் வைத்துவிட்டார். ஆனால் ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு நோட்டீஸ் மாமா சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். வண்டிக்கு யார் சொந்தக்காரரோ அவர் சம்மதக் கடிதத்தில் மையால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம், ஃபோனில் படம் எடுத்து அனுப்பினால் செல்லாதாம். சாவி வரும்வரை உன் அப்பா ஒத்திகை பார்க்கிறார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முப்பத்தைந்து நிமிஷம் ஆறவிடுகிறார், சார்ஜரைச் சிமெண்டுத் தரையில் வைத்து, அதைச் சுற்றி ஒரு சாண் இடம் இருக்கிறதா என்று கையால் அளக்கிறார், பூட்டிய பெட்டிக்கு முன்னால் செருகுவதுபோல் காட்டிவிட்டுக் காவல் இருக்கிறார். சார்ஜ் முடிந்து பிளக்கைக் கழற்றும்வரை கையிலிருந்து எடுக்கக் கூடாது என்று நான் ஒரு சிவப்புப் பட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன், பயப்படாதே, அது அவர் கைக்கு, பேட்டரிக்கு இல்லை. ஒத்திகையில் கூட அதைக் கட்டிக்கொள்கிறார். போகிற வருகிறவர்கள் எல்லாம் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள்.

நீயும் அங்கே ஹீட்டர்மேல் துண்டைக் காயப்போடாதே, ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதே, போன தடவை வந்தபோது நீ அப்படிச் செய்ததை நான் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பாதுகாப்புச் சொல்கிறவள் என்று நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த வியாதி இருக்கிறது.

இனி காகிதம். நோட்டீஸ் மாமாவின் சம்மதக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், அதில் நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன், அது நீ அனுப்பியதிலிருந்து எடுத்ததுதான். உன் விற்பனைப் படிவம் ஆறு தாளையும் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். தேடாதே, கையில்தான் வைத்திருக்கிறாய், திருப்பிப் பார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, எழுத எழுதக் காகிதம் போதவில்லை, அதனால் இந்தக் கடைசித் தாளில் முன்பக்கத்துக் கையெழுத்துக் கட்டங்களின் மேலேயும் எழுதிவிட்டேன். என் கையில் கிடைத்த உன் காகிதத்தை நான் வெட்டாமல் விட்டது இதுதான் முதல் தடவை, அதை எனக்கு வரவு வைத்துக்கொள். வண்டியை விற்றே தீர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வேறு படிவம் வாங்கி அனுப்பு, ஆனால் என்னைத் திட்டி முடித்துவிட்டு அனுப்பு. நான் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலும் பரவாயில்லை.

நூறு வயது நன்றாக இரு, தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் வார்த்தையைக் கேட்டு நடக்கிறவர்கள் உன் ஆபீசிலாவது கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உறையைத் தைத்த உன் அம்மா.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கீழே ஹாரன் சத்தம். முப்பத்தொன்றில் போனவர் இருபத்தாறில் திரும்பியிருக்கிறார். இது கிடைத்த அன்றே அவருக்கு ஃபோன் செய். மணி அடித்ததும் போய் நிற்க இடம் இருக்கக் கூடாது என்று பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.